நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனது

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 68. அச்சுக்கோப்பு, ரேடியோ பழுதுபார்ப்பு, தட்டச்சு கற்பித்தல், கணக்கு எழுதுதல் என்று நான்கு வேலைகள் பார்த்திருக்கிறேன். கூடவே கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் ஆர்மோனியமும் உண்டு. இவற்றைத் திரும்பிப் பார்த்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறந்த ஆண்டில் தொடங்கி 40 பக்கம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. படித்தால் வேலைக்குப் போட்ட விண்ணப்பம்போல இருக்கிறது. ஒரு வேலைக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே தெரியவில்லை, எதிலும் நிலைக்காத ஆள் என்ற எண்ணம்தான் வருகிறது. இதை எப்படி அடுக்குவது? ஆண்டுகள் பல இடங்களில் குழம்புகின்றன. பெட்டி நிறையப் படங்களும் நெகட்டிவ்களும் கேசட்டுகளும் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்கட்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் 40 பக்கமும் நின்றுபோனதற்குக் காரணம், ஆண்டில் தொடங்கியதுதான். நினைவு ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. வில்லெம் வாகனார் என்ற டச்சு உளவியலாளர் ஆறு ஆண்டுகள் தன் அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என்ன, யார், எங்கே, எப்போது என்று நான்கு விவரங்கள். மொத்தம் சுமார் 2,400 நிகழ்ச்சிகள் சேர்ந்தன. பிறகு ஒரு விவரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவற்றை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். 1986இல் முடிவை வெளியிட்டார். ‘என்ன’ என்ற விவரத்தைப் பார்த்தபோதுதான் அதிகம் நினைவுக்கு வந்தது. ‘எப்போது’ என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரால் ஏறக்குறைய எதையும் மீட்க முடியவில்லை. ஆறே ஆண்டுப் பதிவுக்கே இந்த நிலை. நீங்கள் 50 ஆண்டுகளை ‘எப்போது’ என்ற கயிற்றைப் போட்டு இழுக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

அதனால் பொருளில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1879லேயே ஒரு சொல்லை எடுத்து, அது எந்த நினைவைக் கிளப்புகிறது என்று தன்மீதே சோதித்துப் பார்த்தார். 1974இல் குரோவிட்ஸ், ஷிஃப்மன் என்ற இருவர் அதைத் திருத்தி ஒரு முறையாக்கினார்கள். உங்களுக்கு அதை இப்படி மாற்றித் தருகிறேன். அஞ்சலட்டை அளவில் 60 துண்டுச் சீட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். கருவி, ஒலி, மணம், கையில் பட்ட சொரசொரப்பு என்று ஏதாவது ஒன்று. எழுத்துகளை வரியாகக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக், மண்ணெண்ணெயில் துடைத்த எழுத்தின் வாடை, சோல்டரிங் புகை, தட்டச்சு இயந்திரத்தின் வரி முடிவு மணி, இருட்டறையின் சிவப்பு விளக்கு, ஆர்மோனியத் துருத்தியின் மூச்சு. ‘உழைப்பு’, ‘வறுமை’, ‘நட்பு’ போன்ற சொற்கள் வேண்டாம். அவற்றை எழுதினால் நினைவு வராது, கருத்துத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. 20 நிமிடம் எழுதி, நேரம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள். மறுநாள் அந்தப் பாதி வாக்கியத்தை முடித்துவிட்டுப் புதுச் சீட்டை எடுத்தால் கை தயங்காது.

இதில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. தமிழ் வினைச்சொல்லே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய வழக்கங்களைச் சொல்லும்போது நாம் ‘காலையில் போவேன், எழுத்துக் கேஸ் முன்னால் நிற்பேன், அவர் வந்து புரூஃப் கேட்பார்’ என்று எழுதுகிறோம். இந்தப் ‘போவேன், நிற்பேன், கேட்பார்’ எல்லாம் நூறு நாட்களைக் கலந்து அரைத்த பொது நினைவு. எழுதுகிறவருக்கு இனிக்கும், படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. எழுதி முடித்ததும் இத்தகைய வினைகளுக்கு அடியில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேல் இருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு இடத்தையாவது ‘போனேன், நின்றேன், கேட்டார்’ என்று மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு குறிப்பிட்ட நாள் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் அந்தச் சீட்டை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

தொடர்பே தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தின் மையம். வேலைகளின் பெயரை வரிசையாக வைத்துப் பார்க்கும்வரை தொடர்பு தெரியாது. ஒவ்வொரு தொழிலுக்கும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். ஒன்று, ஒரு வேலையை எடுத்த இடத்திலிருந்து முடித்துக் கொடுத்த இடம்வரை, நாளைக்கே அந்த வேலையில் சேரப்போகிற ஒருவருக்குச் சொல்வதுபோல. இன்னொன்று, அந்தத் தொழிலில் அடிக்கடி நேரும் மூன்று பிழைகள், அவை ஏன் நேர்கின்றன, பார்த்த மாத்திரத்தில் எப்படித் தெரியும் என்பது. இரண்டாவதுதான் முக்கியம். தொழில் தெரிந்தவருக்கும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பிழையைக் கண்டுபிடிக்கிற இடத்தில்தான் வெளிப்படுகிறது.

உங்கள் தொழில்களையே எடுத்துக்கொள்வோம். அச்சுக்கோப்பில் ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக, இடமிருந்து வலமாக ஏறுகின்றன. உலோகத்தின் முகமோ கண்ணாடிப் பிம்பம். வரியின் இறுக்கம் சரியாக இல்லாவிட்டால், ஸ்டிக்கிலிருந்து ‘கேலி’ என்ற நீளத் தட்டுக்கு மாற்றும்போதோ, சட்டத்தில் இறுக்கிய பக்கமான ஃபாரத்தைத் தூக்கும்போதோ எழுத்துகள் சரிந்து கொட்டும். தளர்ந்த வரி ஒன்று இருந்தாலே போதும், பக்கம் முழுவதும் ஆட்டம் காணும். புரூஃபில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப மாறி வந்தால், அதைக் கோத்தவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தைய வேலை முடிந்து எழுத்துகளைப் பிரித்துப் போட்டபோது யாரோ கேஸின் தவறான அறையில் போட்டிருக்கிறார்கள். பிழை நேர்ந்தது நேற்று, கண்ணில் படுவது இன்று.

ரேடியோவுக்கு வாருங்கள். பெட்டி உறுமுகிறது என்றால் ஃபில்டர் கண்டென்சர் உலர்ந்திருக்கும். திருகும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலின் கார்பன் தடம் தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கேறியிருக்கும். தட்டினால் பாடி, விட்டால் நின்றால் டிரை சோல்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. ஈயம் பளபளக்காமல் மங்கலாக, கம்பியைச் சுற்றி மெல்லிய வளையம் விழுந்திருக்கும். ஒன்றுமே கேட்காவிட்டால் மின்சுற்றைப் பாதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வால்யூம் கண்ட்ரோல் முனையில் சிக்னல் கொடுத்து ஸ்பீக்கரில் ஒலி வந்தால் பின்பாதி நல்லது, கோளாறு முன்பாதியில். அந்த முன்பாதியை மறுபடி பாதியாக்குவது அடுத்த வேலை.

தட்டச்சில் மாணவர் அடித்த தாளைப் பார்த்தே விரலைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத் தாளில் கியூ, ஏ, இசட் மூன்றும் மங்கலாக விழுந்தால் இடது சுண்டுவிரலில் பலம் இல்லை. ஈ, ஓ போன்ற எழுத்துகளின் வயிறு மட்டும் மையால் அடைபட்டிருந்தால் அது விரலின் குறை இல்லை, அச்சில் அழுக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆசிரியர், இயந்திரத்தின் குற்றத்துக்கு மாணவரைப் பயிற்சி செய்யச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கணக்கில் பற்றும் வரவும் ஒத்துவராதபோது முதலில் வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பார்ப்பீர்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 63 என்பது 36 ஆகியிருந்தால் வித்தியாசம் 27. ஒரு சுழியம் விட்டுப்போனாலும் இப்படித்தான்: 500 என்பது 50 ஆனால் வித்தியாசம் 450. வித்தியாசம் இரட்டைப்படை என்றால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகையைப் பேரேட்டில் தேடுவீர்கள். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் அது அங்கே நிற்கும்.

புகைப்படம் கழுவும் இருட்டறையிலும் இதே கதைதான். கறுப்பு கறுப்பாக வராமல் படம் முழுக்கச் சாம்பலாகவும் திட்டுத்திட்டாகவும் நின்றால், ஒளியை அதிகமாகக் கொடுத்துவிட்டுப் படம் இருண்டுவிடுமோ என்று பயந்து டெவலப்பர் கரைசலிலிருந்து முன்கூட்டியே தூக்கியிருக்கிறார்கள். அதற்குத்தான் 5, 10, 15, 20 நொடி என்று சோதனைப் பட்டை போட்டு நேரத்தை முதலிலேயே தீர்மானிக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து மஞ்சளோ பழுப்போ படர்ந்தால் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் தீர்ந்துபோயிருந்தது, அல்லது கழுவியது போதவில்லை.

இந்த ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். விளைவைப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து காரணத்தைத் தொடுகிற பழக்கம் ஐந்திலும் இருக்கிறது. அச்சுக்கோப்பில் தலைகீழ் எழுத்தை வாசித்த கண்தான் பிறகு நெகட்டிவை வாசித்திருக்கிறது. ரேடியோவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடிய பழக்கம் கணக்கேட்டில் உதவியிருக்கிறது. ‘எதிலும் நிலைக்காத ஆள்’ என்ற தீர்ப்பை உங்கள் மீது நீங்கள் எழுதிக்கொண்டது, விண்ணப்பத்தின் மொழியில் வாழ்க்கையைப் படித்ததால் வந்தது. சித்திரமும் கைப்பழக்கம் என்று சொல்லிவைத்தார்கள். ஒரு கை பழகிய பழக்கம் வேலை மாறும்போது கூடவே வருகிறது. அது வந்த சுவடு வேலையின் பெயரில் தெரியாது, வேலையின் படிகளில்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தொழில்களை இணைக்கும் இந்த இழையைப் புத்தகத்தில் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். படிகளும் பிழைகளும் சரியாக எழுதப்பட்டிருந்தால் படிப்பவரே கண்டுகொள்வார், அது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. இழையில் அடங்காதவை இருந்தால் அப்படியே விடுங்கள். ஆர்மோனியத்தில் ஒலி எழுப்பும் உலோக நாக்கான ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்பது உங்கள் பழுதுபார்க்கும் கண்ணோடு சேரும். சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தது சேராது. சேர்க்க முயன்றால் இரண்டுமே கெடும்.

ஆண்டுகளைப் பற்றி. சீட்டுகளெல்லாம் முடிந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். பெரிய தாளில் ஆண்டுக்கு ஒரு வரி, நான்கு பத்தி: எங்கே வசித்தீர்கள், என்ன வேலை, என்ன பொழுதுபோக்கு, என்ன சான்று. நினைவிலிருந்து எழுதுவது பென்சிலில், ஆவணத்தைப் பார்த்து எழுதுவது பேனாவில். சம்பளச் சீட்டு, பாஸ்புக், கடித உறையின் தபால் முத்திரை, தேர்வுச் சான்றிதழ், படத்தின் பின்புறம் ஸ்டூடியோ போட்ட தேதி எல்லாம் பேனா ரகம். உறுதியான பேனா வரி பத்து கிடைத்தால் போதும், மற்றவற்றை அவற்றுக்கு முன்பா பின்பா என்று கேட்டுப் பொருத்திவிடலாம். பழைய நிகழ்ச்சிகளை உண்மையில் நடந்ததைவிடச் சமீபத்தில் நடந்ததாக நினைப்பது மனத்தின் பொதுவான பிழை. அதனால் சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டு ஆண்டு பழைய பக்கமாகத் தள்ளியும் சோதித்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் ‘1974 கடைசிக்கும் 1976 தொடக்கத்துக்கும் இடையில்’ என்று எழுதுங்கள். அது நேர்மையான வாக்கியம். பொய்யான ஒரு ஆண்டு, பின்னால் வரும் பத்து ஆண்டுகளையும் இடம்மாற்றிவிடும்.

இன்னொரு சாய்வும் இருக்கிறது. 40 வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள் அளவுக்கு மீறி வருகின்றன. உளவியலில் இது பலமுறை உறுதியான விஷயம். உங்கள் விஷயத்தில் அச்சுக்கூடம் பெருகி, கணக்கு எழுதிய ஆண்டுகள் மெலிந்துபோகும். வலிந்து சமப்படுத்த வேண்டாம். ஆனால் நடுவயதுக்கென்று தனியாக 15 சீட்டுகளை ஆவணங்களிலிருந்து எடுத்து எழுதுங்கள். அந்த வயதின் நினைவுகள் தாமாக வருவதில்லை, கூப்பிட்டால் வரும்.

அடிக்கடி சொல்லிச் சொல்லிப் பழகிய கதைகளைக் கடைசியில் எழுதுங்கள். ஒரு கதை திரும்பச் சொல்லப்படும்போது சொல்பவரின் பழக்கத்துக்கு ஏற்பச் சுருங்கி உருமாறும் என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932லேயே காட்டிவிட்டார். விருந்தாளிகளிடம் 30 தடவை சொன்ன சம்பவம் மெருகேறி, அதில் நடந்தது எவ்வளவு, மெருகு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாத நிலைக்கு வந்திருக்கும். யாரிடமும் சொல்லாதவற்றில்தான் மண் ஒட்டியிருக்கும். அவற்றை முதலில் எழுதுங்கள்.

இனி பெட்டி. அதைத் திறந்ததும் ஒழுங்குபடுத்தத் தொடங்காதீர்கள். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு சான்று, கலைத்தால் போயிற்று. முதலில் இருக்கிறபடி அடுக்கடுக்காகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் உறையைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்யுங்கள். பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்களில் படம் வைத்திருந்தால் பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடு வைத்து ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் மேடு எழுப்பும், அதன் மை அடுத்த படத்தில் ஒட்டும். அச்சுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், 35 மிமீ நெகட்டிவுக்கு 2400க்குக் குறைய வேண்டாம். தரம் குறையாத ‘டிஃப்’ (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பின்புறம் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும், பெரும்பாலானவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கோப்பின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘1975-அச்சுக்கூடம்-03’. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில்.

கேசட்டைப் போடுவதற்கு முன் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் ஒலி மங்கும். பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சில சுற்று சுற்றி, நாடா ஒட்டாமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஓடவிடுங்கள். முதல் ஓட்டமே பதிவாக இருக்கட்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் தாமாகவே வெளுத்துப்போகும், அவற்றை இன்றே நகலெடுங்கள்.

எழுத்தில் எவ்வளவு சொன்னாலும் கைக்குத் தெரிந்தது முழுவதும் வராது. ரீடைச் சுரண்டும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அதற்கு வீடியோதான். கேமராவைத் தோளுக்கு மேல் பின்னாலிருந்து கைகளைப் பார்த்து வையுங்கள். எதிரே வைத்தால் கற்றுக்கொள்பவருக்கு இடதும் வலதும் மாறித் தெரியும். மின்விசிறியை நிறுத்துங்கள். செய்துகொண்டே விளக்கினால் கை வேகம் குறைந்து இயல்பு மாறும். அதனால் முதல் தடவை பேசாமல் செய்யுங்கள், இரண்டாம் தடவை ‘இப்போது என்ன பார்க்கிறேன், எதற்காகக் காத்திருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு பதிவு 10 நிமிடத்துக்குள் முடியட்டும்.

விட்டுவிட்ட பொழுதுபோக்குகளைப் பற்றி எழுதும்போது ‘நேரமில்லை’ என்று முடிக்காதீர்கள். பொருளில் காரணம் தேடுங்கள். ஃபோட்டோத் தாள் கிடைக்காமல் போயிற்றா, இருட்டாக்க வசதியான அறை போயிற்றா, கண்பார்வை மாறியதா? ஒரு கலை ஒரு வீட்டைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்பது அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

அடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம். தொழிலுக்கு ஒரு அத்தியாயம், பொழுதுபோக்குக்கு ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,000 சொல்லுக்குள். இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில் ஒரு பக்கம்: பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நீங்கள் எடுத்துப்போன கருவி எது, விட்டுவந்தது எது. முதல் அத்தியாயம் அச்சுக்கோப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிழைகளைப் பற்றி எழுதும்போது எந்தத் தொழிலில் கை நிற்காமல் ஓடியதோ, அதை முன்னால் வையுங்கள். உடன் வேலை பார்த்தவர்களின் குறையை எழுத நேர்ந்தால் பெயரை விட்டுவிடுங்கள், வேலையின் பிழை மட்டும் போதும்.

அந்த 40 பக்கங்களைக் கிழிக்க வேண்டாம். சுருக்கி, இரண்டு பக்க அட்டவணையாக்கிக் கடைசியில் சேருங்கள், ஆண்டு தேடுகிறவர்களுக்கு அது உதவும். அதற்கு முன் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, அவற்றில் கையால் தொடக்கூடிய பொருளின் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வட்டமிடுங்கள். அவைதான் உங்கள் முதல் சீட்டுகள். 40 பக்கத்தில் பத்துக்குக் குறைவாக வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நீங்கள் கையாண்ட கருவிகளின் பட்டியலோடு. சீட்டுகளுக்கான சொற்களைச் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்